கழுவாமல் போன பாத்திரங்கள்

கில்போர்ன், நெப்ராஸ்கா
21 பிப்ரவரி 1999

தம்பி லீலண்டுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் கைகளைத் தவிர. வெள்ளிக்கிழமை கூடைப்பந்தில் உன் மார்விக் பெண்கள் என் கில்போர்ன் பெண்களிடம் தோற்றார்கள். ஆட்டத்தை நடத்துகிற கல்லூரி சில்லிக் குழம்பும் பட்டை போட்ட சுருள்ரொட்டியும் செய்து இரண்டு அணிக்கும் போட வேண்டும், தோற்ற அணி பாத்திரம் கழுவ வேண்டும். நாம் இருவரும் பிறப்பதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம். நீயோ உன் பெண்களைச் சாப்பிடக்கூட விடாமல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஓடிவிட்டாய். அத்தனை சட்டியையும் நானும் என் பெண்களும் தேய்த்தோம். ஜெயித்தவர்கள் பாத்திரம் கழுவிய கதையை இந்த ஊர் இதுவரை கேட்டதில்லை.

ஏன் ஓடினாய் என்று எனக்குத் தெரியும். பாதி ஆட்டத்தின்போது ரேடியோக்காரர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்து, “உங்க தம்பி நம்ம லீக்க விட்டுட்டுப் போறாராமே, நெசமா கோச்?” என்று கேட்டார். நான் பேந்தப் பேந்த விழித்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து மாட்டிறைச்சி வறுவலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய். அப்போது வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தானா?

சரி, போ. பெரிய லீக், பெரிய அரங்கம், டெலிவிஷன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் சமவெளி லீக்கில் எட்டுக் கல்லூரிகள், நான்கு ஜோடிகள். நாற்பது மைல் தள்ளியிருக்கும் நீயும் நானும் ஒரு ஜோடி. வெளியூர் அணி ஒரே பயணமாக வந்து வெள்ளிக்கிழமை உன்னோடு ஆடும், இரவு தங்கி, சனிக்கிழமை என்னோடு ஆடும். அதனால்தான் இந்த மூலைக்கு எவனாவது வருகிறான். நீ போய்விட்டால் எனக்கு யார் ஜோடி? மார்விக் கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநரான உனக்கு இது ஞாபகம் வரவே இல்லையா?

போனில் கேட்கலாம். ஆனால் போனில் நீ இருமி இருமி நழுவிவிடுவாய். எழுத்தில் பதில் சொல்.

கோபம் தணியாத உன் அக்கா,
வெர்னா


மார்விக்
3 மார்ச் 1999

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படிக்க முடியவில்லை, காரில் போய் உட்கார்ந்து படித்தேன். திட்டு முழுவதும் எனக்குரியதுதான். வாயைத் திறக்கக் கூடாது என்று கல்லூரித் தலைவர் பிரென்ட்லி உத்தரவு போட்டிருந்தார். உன்னிடம் சொல்லாமல் இருந்தது அந்த வறுவலைவிடக் கனமாக வயிற்றில் கிடந்தது.

ஆனாலும் யோசித்துப் பார். எத்தனை காலம்தான் அதே ஏழு ஊர்களுக்கு அதே சாலையில் போய் வருவது? நம் பெண்கள் பெரிய இடத்தில் ஆடக் கூடாதா? பெரிய லீக்கில் இருந்தால் கல்லூரிக்கு மாணவர்கள் வருவார்கள் என்று பிரென்ட்லி நம்புகிறார். நானும் நம்புகிறேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தப் பரபரப்பு எனக்கு இருபது வயதில் இருந்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

ஜோடி விஷயம். உண்மையைச் சொல்கிறேன், அது என் நினைவுக்கே வரவில்லை. அரங்கம், பஸ், உடை, விளக்கு என்று எல்லாவற்றையும் யோசித்தேன். உன்னை மட்டும் யோசிக்கவில்லை. எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறவள்தானே என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

லீக்குக்கு வெளியே வருடம் ஒரு ஆட்டம் நாம் கட்டாயம் வைத்துக்கொள்வோம். பாத்திரக் கடனை அன்றைக்குத் தீர்க்கிறேன்.

உன் தம்பி,
லீலண்ட்


கில்போர்ன்
14 ஜனவரி 2001

தம்பி லீலண்டுக்கு,

நீ சொன்ன ஆட்டம் போன வருடமும் நடக்கவில்லை, இந்த வருடமும் நடக்கவில்லை. நான் தேதி கொடுத்த போதெல்லாம் உன் பஸ் ஏதோ ஒரு மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் நான் கேட்கப் போவதில்லை.

போன வருடம் நாங்கள் பட்ட பாட்டை உனக்கு எழுதவில்லை, எழுதினால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். ஜோடி இல்லாத கல்லூரிக்கு ஒரே ஒரு ஆட்டத்துக்காக எவன் அவ்வளவு தூரம் வருவான்? ஒவ்வொரு கோச்சும் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தான். ஒருவர் பனியைச் சாக்காக வைத்து வராமலே இருந்துவிட்டார். அன்றைக்கு அவர் ஊரில் வெயில் அடித்தது.

இந்த வருடம் எங்களுக்கு ஒரு ஜோடி கிடைத்திருக்கிறது. வடக்கே இருக்கும் எல்க் ஃபோர்க் கல்லூரியை லீக்கில் சேர்த்துவிட்டார்கள். சின்ன இடம். அவர்கள் பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யாததால் பெண்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டே இறங்கினார்கள். என் பெண்கள் அவர்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் நான் வழக்கத்தைச் சொன்னேன். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே கழுவினார்கள், கேட்காமலே தரையையும் துடைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே சேர்த்துக்கொண்டார்களே என்ற சந்தோஷம் அந்தப் பிள்ளைகள் முகத்தில் தெரிந்தது.

உன் ஆட்டங்களின் முடிவைப் பேப்பரில் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மடித்து வைக்கிறேன். நீ தோற்றதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்தபோது அவரையும் திட்டினேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அக்கா,
வெர்னா


வழியில் ஒரு மோட்டல்
11 பிப்ரவரி 2001

அன்புள்ள அக்கா,

எந்த ஊர் என்று ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மறுபடியும் தோற்றோம். எவ்வளவு என்று கேட்காதே, பேப்பரில் வரும். இங்கிருந்து வீட்டுக்குப் பஸ்ஸில் பதினோரு மணி நேரம். பெண்கள் டார்ச் அடித்துப் பாடம் படிக்கிறார்கள். எங்கள் அணியிலேயே நன்றாகப் படிக்கிறவள் ஜோலீன் பெக். அவள் நேற்று அணிச் சட்டையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, “நான் நர்ஸ் ஆகத்தான் காலேஜுக்கு வந்தேன் சார், பஸ்ல குடியிருக்க வரல” என்றாள். சட்டையை வாங்கிக்கொண்டேன்.

சொந்த ஊரில் ஆடினாலும் அரங்கில் ஆள் இல்லை. எதிரே ஆடுகிறவர்கள் யார் என்றே நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது, தெரியாதவனை எப்படித் திட்டுவார்கள்? உன் அணி வந்தால் மருந்துக்கடை நார்பர்ட் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வருவாரே, அவர் இப்போது வீட்டில் உட்கார்ந்து சீட்டாடுகிறார். கூப்பிட்டதற்கு, “கில்போர்ன் வந்தா சொல்லு, வர்றேன்” என்றார்.

தப்பு செய்துவிட்டேன் அக்கா. பெரிய தப்பு. பிரென்ட்லியோ, “யோசனை உங்களோடதுதானே லீலண்ட்?” என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்கிறார். பெரிய லீக்குக்கும் எங்களைப் பிடிக்கவில்லை, அடுத்த வருடத்தோடு கழற்றிவிடப் போகிறார்கள். லீக் இல்லையென்றால் பெண்கள் அணியையே மூடிவிடுவதாக நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. பழைய லீக்கில் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி மனுக் கொடுத்திருக்கிறேன். மே மாதக் கூட்டத்தில் கில்போர்னுக்காகக் கை தூக்கப் போகிறவள் நீதான்.

எனக்காகக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். எனக்காகத்தான் கேட்கிறேன். பெண்களுக்காகவும்.

லீலண்ட்


மார்விக்
4 மார்ச் 2001

அக்கா,

பதில் இல்லையே. தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து கம்பளத்தில் தடம் விழுந்துவிட்டது. மற்ற கல்லூரிக்காரர்களையெல்லாம் விசாரித்தேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “அடிபட்டது உங்க அக்காதான். அவங்க சரின்னா எங்களுக்கும் சரி.”

இல்லை என்றாலும் எழுது.

லீலண்ட்


கில்போர்ன்
13 மே 2001

என் தம்பி லீலண்டுக்கு,

கூட்டம் நேற்று முடிந்தது. லீக் ஆபீஸிலிருந்து உனக்குத் தகவல் வருவதற்குள் என் கையெழுத்தில் வந்துவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது கல்லூரி ஆனால் ஒருவருக்கு ஜோடி இருக்காது. அதனால் எட்டுதான் என்று முதலிலேயே முடிவு செய்தார்கள். நீ உள்ளே வந்தால் எல்க் ஃபோர்க் வெளியே. லீக் தலைவர் என்னைப் பார்த்து, “உங்களுக்கு யார் ஜோடின்னு நீங்களே சொல்லுங்க கோச்” என்றார். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். எதிரே எல்க் ஃபோர்க் கோச் உட்கார்ந்திருந்தாள், சின்ன வயசுப் பெண். பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ என் தம்பி என்பது அவளுக்குத் தெரியும்.

நான் எல்க் ஃபோர்க் என்று சொன்னேன் லீலண்ட். தேடி வந்து சேர்ந்தவர்களை, நீ திரும்பி வருகிறாய் என்பதற்காக வெளியே தள்ள எனக்கு மனசு வரவில்லை. வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு வருடம் நானே பார்த்தேன். அதை எனக்குக் காட்டியதும் நீதான். பழிவாங்கினாள் என்று நினைக்காதே. கோபம் எனக்கு எப்போதோ போய்விட்டது. அது இருந்திருந்தால் இதைச் செய்வது சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் தானியக் கிடங்கு பக்கம் காரை நிறுத்தி அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

லீக் இல்லாமலும் அணி நடத்தலாம். ஆட்டம் தர ஆள்தான் வேண்டும். நவம்பரில் லீக் ஆட்டம் தொடங்கும் முன் நான் தருகிறேன். தேதி சொல்.

அக்கா,
வெர்னா


மார்விக்
21 மே 2001

வெர்னாவுக்கு,

தகவல் கிடைத்தது.

லீலண்ட்


கில்போர்ன்
23 டிசம்பர் 2001

தம்பிக்கு,

“வெர்னாவுக்கு” என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து நீ என்னைப் பெயர் சொல்லி எழுதியதில்லை. அந்தக் கடிதத்தை அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன், கண்ணில் படாமல்.

நன்றி கூறும் நாள் விருந்துக்கு நீ வருவாய் என்று உனக்கும் தட்டு வைத்தேன். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அது அப்படியே இருந்தது. கிறிஸ்துமஸுக்கும் வைப்பேன். வறுவல்தான். நீ வராவிட்டால் என் வீட்டுக்காரர் உன் பங்கையும் சாப்பிட்டுவிட்டு, “உன் தம்பி நல்லவன்” என்பார்.

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பயிற்சியில் பெண்களிடம் எரிந்து விழுகிறேன். ஒருத்தி என்னிடமே, “கோச், யார் மேல கோவமோ அவங்கள ஓட விடுங்க, எங்கள ஏன் ஓட விடுறீங்க?” என்று கேட்டாள்.

அணியை மூடப் போகிறார்களா? அதையாவது எழுது.

அக்கா


கில்போர்ன்
24 பிப்ரவரி 2002

என் தம்பி லீலண்டுக்கு,

வெள்ளிக்கிழமை எல்க் ஃபோர்க்கோடு எங்களுக்கு ஆட்டம். கடைசி நிமிடம்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று ஜெயித்தோம். அந்தப் பிள்ளைகள் இப்போது நன்றாக ஆடுகிறார்கள். சாப்பாடு முடிந்து, அரங்கில் பந்துகளைக் கட்டி வைத்துவிட்டுக் கீழே வந்தேன். சமையலறை வாசலில் எங்கள் சமையல்காரி இர்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நான் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்றாள்.

கதவு இடுக்கில் பார்த்தேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு நீ பெரிய சட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாய். பக்கத்தில் ஒரு எல்க் ஃபோர்க் பெண் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டாள், “சார், நீங்க எங்க காலேஜ் இல்லையே. எதுக்குக் கழுவுறீங்க?”

“நானும் தோத்த டீம்தாம்மா.”

“எப்ப தோத்தீங்க?”

“மூணு வருஷம் ஆச்சு.”

அவள் இன்னொரு துண்டை எடுத்து உன் தோளில் போட்டாள்.

நான் உள்ளே வரவில்லை. வந்திருந்தால் நாம் இருவரும் அந்தப் பிள்ளைகள் முன்னால் அழுது மானத்தை வாங்கிக்கொண்டிருப்போம். மேலே அரங்குக்குப் போய் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். உன் கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் கீழே வந்தேன்.

இனி உன்னிடம் தேதி கேட்க மாட்டேன், நானே போட்டுவிட்டேன். நவம்பர் கடைசி வெள்ளி, மார்விக்கில், உன் அரங்கில். மறுநாள் சனிக்கிழமை எல்க் ஃபோர்க் உன்னோடு ஆடும். இதை அந்தச் சின்னப் பெண் கோச் நான் கேட்காமலே சொன்னாள். மற்ற கல்லூரிகளுக்கும் நேற்று முழுக்கப் போன் போட்டேன். முதலில் முனகினார்கள், பிறகு இசைந்தார்கள். இரண்டு பேர் எங்கள் ஊருக்கு வரும் பயணத்திலேயே உன் ஊரிலும் ஒரு ஆட்டம் வைத்துக்கொள்வார்கள். இவ்வளவு ஆட்டம் கையில் இருக்கும்போது அணியை எப்படி மூடுகிறார் என்று பிரென்ட்லியைக் கேள். அவர் மறுத்தால் என்னிடம் பேசச் சொல். நார்பர்ட்டிடம் டிரம்மைத் தட்டிப் பார்த்து வைக்கச் சொல்.

சில்லியும் ரொட்டியும் உன் பொறுப்பு. தோற்றால் நான் கழுவுகிறேன். தோற்க மாட்டேன்.

இன்னொன்று. பெரிய சட்டியின் அடியில் கருகியது கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, நீ சரியாகத் தேய்க்கவில்லை. இர்மா தேய்க்கப் போனாள், விடவில்லை. அதை அப்படியே வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வறுவல். சீக்கிரம் வந்து அதைத் தேய்த்துவிட்டுச் சாப்பிடு.

அக்கா