பத்தங்குல பிளேடும் பித்தளை வளையமும்

அக்டோபர் 1, 1957. செவ்வாய்.

காலையிலிருந்து மழை. மேசை ரம்பத்தின் பழைய பிளேடில் பல் போயிற்று. சைக்கிளில் டவுனுக்கு. பத்தங்குலம் இருக்கிறது, ஆனால் நடு ஓட்டை பெரிசு. கடைக்காரச் சீனத் தவுக்கே கையை விரித்தார்: "லுபாங் கெச்சில் சுடா ஹாபிஸ்." சின்ன ஓட்டை தீர்ந்து போச்சாம். சின்ன ஓட்டையில் பன்னிரண்டங்குலம்தான் உண்டு, அது மேசைக்கடியில் இடிக்கும். பெரிய ஓட்டையையே வாங்கி வந்தேன்.

நம் மெஷின் அச்சு அஞ்சு நூல். இந்த ஓட்டை எட்டு நூல், முழு அங்குலம். நடுவில் இட்டு நிரப்ப, என்னோடு வேலை செய்யும் சின்னையா மச்சான் பித்தளையில் வளையம் கடைந்தார். கச்சிதம். மெராந்திப் பலகை வெண்ணெயாக அறுபட்டது. தமிழ்ப்பள்ளி பெஞ்சு இனி முடிந்துவிடும்.

அக். 2. புதன்.

ஆயுத பூசை. ரம்பம் ஓய்வு. பிளேடைக் கழற்றிக் கழுவி, ஓட்டையைச் சுற்றி இரண்டு பக்கமும் சந்தனம் அப்பினேன். அதன் மேல் குங்குமம். ராஜம் சுண்டல் செய்தாள், உப்பு கம்மி. மச்சான், அவள் அண்ணனாயிற்றே, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அக். 3. வியாழன்.

நாசம்.

பூசைப் பொட்டைத் துடைக்கக் கூடாதே, அப்படியே மாட்டினேன். பிளேடு தள்ளாடியது. அறுப்பு அகலம், கோணல். பலகை எகிறி மச்சான் நெஞ்சில் அடித்தது. வலிக்கிறதா என்று கேட்டேனா? இல்லை. வளையம் கடைந்த லட்சணத்தைப் பார் என்று கத்தினேன்.

"வளையம் சரியாத்தான் இருக்கு மாப்ள. கழட்டிப் பாருங்க."

கழற்றவில்லை. வாய்தான் கழன்றது. "உன் தங்கச்சியக் கட்டின பாவத்துக்கு உன்னையும் சுமக்கணுமா?" 'உன்' என்றே சொல்லிவிட்டேன். பெஞ்சு பார்க்க வந்த வாத்தியார் வாசலில். ராஜம் சோற்றுச் சட்டியோடு கதவருகில்.

மச்சான் கை கழுவினார். சாப்பிடாமல் போனார்.

அக். 4. வெள்ளி.

கழற்றினேன். பிளேடுக்கும் அதை இறுக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவில் என் சந்தனம், ஒரு பக்கம் தடித்துக் கல்லாக. சுரண்டினேன். அவர் வளையத்தையே திரும்பப் போட்டேன். ஆடவே இல்லை.

மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன். சீ, என்ன பிறவி நான்.

ராஜத்திடம் சொன்னேன். "என்கிட்ட ஏன் சொல்றீங்க?" அவ்வளவுதான். இரவு மீன் குழம்பு. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அக். 5. சனி.

செமாபோக்குக்குப் போனேன். மச்சானின் வாடகை அறை. துணிகள் பெட்டிக்குள். மூவாரில் பலகைக் கிடங்கில் வேலையாம், மத்தியானம் பஸ். எனக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். குடிக்கவா முடியும்? சந்தனத்தைச் சொன்னேன்.

"அப்பவே தெரியும் மாப்ள. பொட்டு வச்சதைத் தொடைன்னு எப்படிச் சொல்றது? அதான் கழட்டிப் பாருங்கன்னேன்."

"அப்ப வாங்க மச்சான். என் தப்புதான்."

"சந்தனத்துக்காக நான் போகல."

மூச்சு இழுக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கப் போனேன். விடவில்லை.

அக். 6. ஞாயிறு.

வெயில். மெஷின் நன்றாக ஓடுகிறது. இதற்குத்தான் இத்தனையும். பெஞ்சுப் பலகை எட்டடி, அந்த முனையைத் தாங்க ஒருவர் இல்லாமல் ஒற்றை ஆளாக அறுக்க முடியாது. இரண்டு தரம் முயன்று நிறுத்தினேன். அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன். செத்துப் போகலாம் போல இருந்தது.

ராஜம் வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு ரம்பத்துக்கு அந்தப் பக்கம் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணன் இங்கதான நிப்பாரு?"