கண்ணுக்குக் கீழே காபி

லாக்லன்,

வெஜிமைட் தடவிய டோஸ்ட் மேசையில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் பத்து மணி டிராமைப் பிடி.

போன வாரம் நான் கண் வீக்கத்துக்குப் பூசுகிற கஃபீன் கிரீம் வாங்கிவந்ததற்கு, "காபியக் குடிப்பாங்களா, மூஞ்சில பூசுவாங்களா?" என்று கேலி செய்தாயே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. காபி போட்டே பிழைத்தவன் பேசுகிற பேச்சா அது? நீ வேலை பார்த்த காபிக்கடையை மூடியதிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை, கண் வீங்கியிருக்கிறது. கிரீமை உனக்காகத்தான் வாங்கினேன். ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. மோதிர விரலால் ஒற்று, தேய்க்காதே. இன்று உன்னை வேலைக்குப் பார்க்கப்போகிற ஃபிட்ஸ்ராய் காபிக்கடைக்காரர் உன் காபியோடு முகத்தையும் பார்ப்பார்.

டெஸ்

பி.கு. கிரீம் குழாயை இப்போதுதான் பிதுக்கிப் பார்த்தேன். நான் ஒருமுறைகூடத் தொடாத கிரீமில் பாதியைக் காணோம். அடப்பாவி! என் கோபத்திலும் பாதி போய்விட்டது. மீதியை நீ வேலையோடு வந்து தீர்த்துவை.