பிடில்காரன் வராத செப்டம்பர்

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

மார்ச்சில் புனித பேட்ரிக் ஊர்வலம் முடிந்ததும் வீட்டுக்கு வருவதாகச் சொன்னாய். ஆகஸ்டில், கில்லோர்க்ளின் ஊர்த் திருவிழாவில் ஆட்டுக்கடாவை ராஜாவாக்கி முடிசூட்டுகிறார்கள், பிடில் வாசிக்க ஆளில்லை என்றாய். இப்போது செப்டம்பர்.

லிஸ்டூன்வார்னாவின் வரன் பார்க்கும் திருவிழாவில் நீ வாசிப்பதாகக் கேள்விப்பட்டு, உன்னை அழைத்துவர நேற்று பஸ் ஏறிப் போனேன். நீ அதற்குள் கால்வே சிப்பித் திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டிருந்தாய்.

தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் எதிரில், கல்யாணத் தரகர் ஃபிண்டன் நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரர் காலமாயிட்டாரா, அம்மா?"

"இல்ல. பிடில் வாசிக்கிறார்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்று என் பெயரை எழுதிக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

லிமெரிக் மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவரோடு மூன்று பாட்டுக்கு ஆடினேன். வருஷத்துக்கு இந்த ஒரு திருவிழாவுக்குத்தான் அவர் வீட்டை விட்டு வெளியே வருவாராம். ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அழைத்திருக்கிறேன்.

நீ வருவதாக இருந்தால் சனிக்கிழமையே வந்துவிடு.

இப்போதைக்கு,
உன் மனைவி