ஸ்டாப்பில் யாருமே இல்லையாம்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா பாதி நலம், மீதிப் பாதி எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது என்றாயே, கடிக்கிறானா? நீயும் அந்த வயதில் கடிப்பாய், உன் அத்தை தோளில் இன்னும் தழும்பு இருக்கிறதாம், போன வாரம் வந்தபோதுகூடப் புடவையை விலக்கிக் காட்டினாள். நான் எழுதப் போவதை எல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ "சரி விடும்மா, டென்ஷன் ஆகாத" என்பாய், நானும் விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

நம் தெரு வழியாகப் போகிற பஸ்ஸைக் கொஞ்ச நாளைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போவதும் அதில்தான், உன் அப்பா அதே ஆஸ்பத்திரிக்கு மூச்சுப் பயிற்சிக்கு வருவதும் அதில்தான் என்று உனக்குத் தெரியும். நான் எப்படியோ பெரிய ரோடு வரைக்கும் நடந்து, அங்கே கிடைத்ததில் தொற்றிக்கொண்டு போய்த் துணி அறைத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவேன், படுக்கை விரிப்புகள் எனக்காகக் கிழியாமல் காத்திருக்குமா என்ன. ஆனால் உன் அப்பாவால் பெரிய ரோடு வரைக்கும் நடக்க முடியவில்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார், கேட்டால் கம்பம் சரியாக நட்டிருக்கிறதா என்று பார்க்கிறாராம். ஒரு மைதானம் முழுக்கப் பிள்ளைகளை ஓடவிட்டு விசிலாலேயே அடக்கிய டிரில் வாத்தியார், இப்போது வாசலிலிருந்து சமையலறை வரை வந்தால் நாற்காலி தேடுகிறார். பயிற்சிக்குப் போகாமல் விட்டதில் இருமல் கூடிவிட்டது, தூங்கியதுகூட உட்கார்ந்தபடிதான். நீ போனில் கேட்கும்போது மட்டும் குரலைக் கணீரென்று வைத்துக்கொள்கிறாரே, அதை நம்பாதே.

பஸ்ஸை ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் உனக்கும் வயிறு எரியும். ஸ்டாப்பில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், பயணிகளே இல்லாத வண்டியை ஓட்டிப் புகை பரப்ப விரும்பவில்லையாம், தூய காற்றை முன்னிட்டு நிறுத்துகிறார்களாம். தூய காற்றாம்! அந்த அறிவிப்பைப் படிக்கும்போதே எனக்கு இருமல் வந்தது, ஏனென்றால் ஸ்டாப்பை ஒட்டித்தான் அந்தக் குளிர்பதனக் கிடங்கின் கேட். நீ இங்கே இருந்தபோது அது சின்னக் கொட்டகை, இப்போது தெருவின் பாதியை விழுங்கிவிட்டது. உள்ளே போக முறை வரும்வரை லாரிகள் வரிசையாக நிற்கும், நிற்கும்போது இன்ஜினை அணைக்க மாட்டார்கள், அணைத்தால் பெட்டிக்குள் குளிர் போய்விடுமாம். நாள் பூராவும் நின்ற இடத்திலேயே புகை கக்குகிறது. மானேஜரிடம் ஒருமுறை போய்க் கேட்டேன், ஐஸ்கிரீம் உருகிடும்மா என்று ஏதோ பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து மாதிரிச் சொல்கிறார். ஐஸ்கிரீம் உருகக் கூடாதாம், உன் அப்பாவின் நெஞ்சு கரைந்தால் பரவாயில்லையாம்.

இனி அந்தக் கூத்தைக் கேள். அந்தப் புகைக்குப் பயந்து நாங்கள் யாரும் ஸ்டாப்பில் நின்றதே இல்லை. முனை திரும்பியதும் இஸ்திரிக்காரர் கடைச் சுவரோரம் கொஞ்சம் நிழல் இருக்கிறது, காற்றும் அந்தப் பக்கம் கொஞ்சம் நன்றாக இருக்கும், அங்கேதான் நிற்போம். யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணியதில்லை, ஒருவர் போய் நின்றார், அடுத்தவர் போனார், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. டிரைவர் தம்பியும் நல்ல பிள்ளை, ஸ்டாப்பில் நிற்காமல் முனை திரும்பி எங்கள் பக்கத்தில் வந்து நிறுத்துவான். இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு கார் நின்றது, கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே ஏசி, காரும் உறுமிக்கொண்டே நின்றது. கிடங்குக்கு வந்த ஆள் என்று நாங்கள் நினைத்தோம். அவர்தானாம் பயணிகளை எண்ண வந்தவர். காலியான பெஞ்சைப் பார்த்தார், பஸ் நிற்காமல் போவதைப் பார்த்தார், ஒரு ஈ காக்கை இல்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டியிருந்தால் முனையில் நாங்கள் கும்பலாக நிற்பது தெரிந்திருக்கும். இறக்குவாரா, புகை உள்ளே வந்துவிடுமே!

நான் லீவு போட்டுவிட்டுப் போக்குவரத்து ஆபீசுக்குப் போனேன். துணைக்கு மருந்துக்கடைக்காரம்மாவும் வந்தாள், அவளிடம்தான் தெருவில் பாதிப் பேர் இருமல் மருந்து வாங்குகிறார்கள், இருந்தும் "எனக்கு இந்த வியாபாரமே வேணாம்க்கா" என்று கடையைப் பூட்டிவிட்டு வந்தாளே, அவள் மனசு யாருக்கு வரும். அதிகாரி மரியாதையான ஆள்தான், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாம் கேட்டுவிட்டு "ஸ்டாப்புல நிக்காதவங்கள நாங்க எப்படிம்மா பயணின்னு சொல்றது?" என்று கையை விரித்தார். எனக்கு வந்ததே கோபம். புகையை விட்டவனை ஒன்றும் கேட்கவில்லை, புகைக்கு ஒதுங்கியவர்களை இல்லவே இல்லை என்று எழுதிவிட்டீர்கள், ஒதுங்கி நின்றது எங்கள் குற்றமா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நீ அங்கே இருந்திருந்தால் என் முந்தானையைப் பிடித்து இழுத்திருப்பாய். கடைசியில், ஒரு வாரம் சோதனையாக ஓட்டுகிறோம், எண்ணுவதற்கு ஆள் அனுப்புகிறோம், ஆனால் எல்லோரும் ஸ்டாப்பில்தான் நிற்க வேண்டும் என்றார். சரி என்றேன், வேறு என்ன சொல்ல.

நீங்கள் வர வேண்டாம், நாங்கள் இத்தனை பேர் நிற்கிறோமே போதாதா என்று உன் அப்பாவிடம் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எனக்காக ஓடற பஸ்ஸு, நான் இல்லாம என்ன எண்ணிக்கை?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய விசிலையும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்டாப்பில் எங்களை எல்லாம் உயரவாரியாக வரிசையில் வேறு நிற்க வைத்தார், இஸ்திரிக்காரருக்கு வெட்கம் தாங்கவில்லை. எண்ண வந்தது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், பெஞ்சு ஓரத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் வந்தது. அதே டிரைவர் தம்பி, எங்களைப் பார்த்துச் சிரித்தான், கையைக் காட்டினான், பழக்க தோஷத்தில் ஸ்டாப்பைத் தாண்டி முனை திரும்பி அந்த நிழலில் போய் நிறுத்திவிட்டான்! நாங்கள் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டு புகைக்குள்ளேயே ஓடினோம். உன் அப்பாவால் ஓட முடியுமா, நின்ற இடத்திலிருந்தே விசிலை வாயில் வைத்து ஊதினார். சத்தமே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார், அதே காற்று. எனக்கு அந்த நேரத்தில் பஸ்ஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. நான் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் என்னைப் பார்க்கவில்லை, விசிலை உதறி உதறித் துடைத்துக்கொண்டே இருந்தார், ஏதோ விசிலில்தான் கோளாறு மாதிரி. அப்புறம் இஸ்திரிக்காரர் ஓடிப்போய் பஸ்ஸைத் தட்டிச் சொல்ல, டிரைவர் தம்பி வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்து வந்து, வாத்தியாரே மன்னிச்சுடுங்க என்று இறங்கி ஏற்றிவிட்டான்.

ஏன் அந்த டிரைவர் அங்கே போய் நிறுத்தினான் என்று அந்தப் பெண் கேட்டாள். விவரமாகச் சொன்னேன். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை, பத்தடி தள்ளி நிற்பதற்கு இவ்வளவு கதையா என்பதுபோல் பார்த்தாள். மறுநாள் பெஞ்சின் ஓரத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து நின்றாள். அதற்கு மறுநாள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள், லாரிகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். அதற்கப்புறம் ஒருநாள் பார்த்தால் ஆளைக் காணோம். எண்ண யாரும் இல்லாமல் இந்தப் புகையில் எதற்கு நிற்கிறோம் என்று மருந்துக்கடைக்காரம்மா பொருமினாள். தேடினால், அந்தப் பெண் இஸ்திரிக்காரர் கடைச் சுவரோரம் நிழலில் நின்று, எட்டி எட்டிப் பார்த்து எங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நேரே போய், "கண்ணு, நீ இப்ப நிக்கிற இடத்துலதான் நாங்க இத்தனை நாளும் நின்னோம்" என்றேன். அவள் காலுக்குக் கீழே பார்த்தாள், பிறகு மெதுவாக, "அப்ப இங்க நிக்கற என்னையும் யாரும் எண்ண மாட்டாங்க, இல்லம்மா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், கேட்டுவிட்டு என்னோடு திரும்பி ஸ்டாப்புக்கே வந்து, பஸ் வரும் வரைக்கும் எங்கள் வரிசையில் நின்றாள். உன் அப்பா அவளையும் உயரம் பார்த்து இடம் மாற்றி நிறுத்தினார்.

பஸ் கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட்டுவிடாதே, முழுக்கப் படி. அந்த வாரம் முழுக்கப் புகையில் நின்றதற்குக் கூலியாக உன் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்திருக்கிறார், முகமூடி போட்டு மருந்துப் புகை பிடித்தார், இப்போது தேவலாம். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்கிறேன். ஒரு மனிதன் மூச்சு விட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போவதற்கு பஸ் வேண்டும், பஸ் வேண்டுமானால் விஷத்தை மூச்சில் இழுத்துக்கொண்டு நின்று காட்ட வேண்டும். இது என்ன நியாயம்? அதிகாரி இப்போது பெரிய மனசு பண்ணி, ஸ்டாப்பையே இஸ்திரிக் கடைப் பக்கம் நகர்த்திவிடுகிறோம் என்கிறார். தெருவில் சிலர் கை தட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். கிடங்குக்கு எதிரே இருக்கிற வீடுகளை எங்கே நகர்த்துவார்? தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகளை எங்கே நகர்த்துவார்? வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது, மழை வந்தால் கூடத்துக்குள் வந்து நிற்கிறது, பூமி கொதிக்கிறது என்று ஊர் ஊராக மாநாடு போட்டுப் பேசுகிறார்கள், ஓடுகிற ஒரு பஸ்ஸைக் காப்பாற்றவும் நிற்கிற லாரியை அணைக்கவும் மட்டும் ஆள் இல்லை. எவ்வளவு காலம்தான் நாமே ஒதுங்கிக்கொண்டே போவது.

மாப்பிள்ளை எங்களுக்குக் கார் வாங்கித் தருகிறேன் என்றாராம். அவர் தங்கமான மனசுக்கு ஒரு கும்பிடு, கார் வேண்டாம். யார் ஓட்டுவது, தையல் மிஷின் மிதித்த காலால் நான் பிரேக்கை மிதிக்கவா? நீங்கள் இரண்டு பேரும் அங்கே ஜம்மென்று ரயிலில் வேலைக்குப் போவீர்களாம், எனக்கு மட்டும் காராம். எங்களுக்குக் கார் வந்தால் மருந்துக்கடைக்காரம்மாவை யார் ஏற்றுவார்கள், இஸ்திரிக்காரரை யார் ஏற்றுவார்கள், அந்தப் புகையில் நம் வீட்டுப் பங்கும் அல்லவா சேரும். அவர் உண்மையில் உதவ வேண்டுமென்றால் ஒன்று செய்யச் சொல். உங்கள் பக்கத்துக் கிடங்குகளில் நிற்கிற லாரிக்கு இன்ஜினை அணைத்துவிட்டு கரண்ட் கொடுத்தே குளிர வைக்கிறார்கள் என்று நீ எப்போதோ சொன்னாயே, அதை நன்றாகப் படம் எடுத்து அனுப்பச் சொல். பெரிதாகப் பிரிண்ட் போட்டு மானேஜர் மேஜையில் வைக்கிறேன், ஐஸ்கிரீமும் உருகாது, ஆளும் சாகமாட்டான் என்று அவரே பார்க்கட்டும். மறந்துவிடாதே, மறந்தால் உன் அத்தையை விட்டுப் போன் பண்ண வைப்பேன்.

நாங்கள் இப்போதும் ஸ்டாப்பில்தான் நிற்கிறோம், லாரியை அணைக்கிற வரைக்கும் அங்கேதான். உன் அப்பாவுக்கு மட்டும் டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார், அதனால் அவரை இஸ்திரிக் கடை நிழலில் உட்கார வைத்திருக்கிறோம், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையைப் புகையில் தூக்கிக்கொண்டு போகாதே, மாப்பிள்ளையோடு சண்டை போட்டாலும் தூங்கப் போகும் முன் பேசிவிடு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மூச்சோடும் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். லீவுக்கு வரும்போது டாக்ஸி பிடிக்காதே, நம் பஸ்ஸிலேயே வா. தெருவுக்குள் நுழைந்ததும் ஜன்னல் வழியாகப் பார். உன் அப்பா ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்துகொள். அங்கே இல்லாமல் முனை திரும்பி நிழலில் இருந்தால், பையை அவரிடம் கொடுத்துவிட்டு நீயும் வந்து எங்கள் வரிசையில் நில்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா