விசாரணைக்கு முன்பே எழுதிய முடிவு

கோட்டைமேடு, கோவை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கெசியா,

பெங்களூரில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உன் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? போன் செய்யாமல் தபாலில் எழுதுகிறேன். நான் போனில் பேசுவதெல்லாம் மறுநாளே நம் பத்திரிகை ஆசிரியர் ஜோஸ் சாருக்குத் தெரிந்துவிடுகிறது.

வெள்ளகோவில் கிணறுகளில் சாயக்கழிவு கலப்பதாக நீ எழுதிய செய்தியை, நம் ஊரின் மூன்று நாளிதழ்களும் சேர்ந்து அமைத்த புகார்க் குழு போன மாதம் விசாரித்தது. உன் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கோப்பில் இல்லை என்றார்கள். உன் வேலை போனது. அந்தக் குழுவில் நானும் இருந்தேன் கெசியா. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மூன்று பேப்பரிலும், உன் செய்திக்கு வருத்தம் தெரிவித்து ஒரே அறிவிப்பு. மூன்றிலும் 'நிரூபணம்' என்பது 'நிரூபனம்' என்று இருந்தது. பிழை திருத்தியே பழகிய கண்ணுக்கு அது உறுத்தியது. பக்கம் வடிவமைக்கும் ராமுலுவிடம் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "அது திங்கக்கிழமையே மெயில்ல வந்துபோச்சுங்க அக்கா. சாயப்பட்டறைக்காரர் ஆபீஸ்ல இருந்துங்க." விசாரணை நடந்ததோ புதன்கிழமை!

ஜோஸ் சாரிடமே போனேன். "ஏனுங்க சார், விசாரிக்கறதுக்கு முன்னாடியே முடிவை எழுதிப்போட்டீங்களா?" என்றேன். அவர் சிரித்தார். "அம்மணி, நீங்க ஒற்றெழுத்த மட்டும் பாருங்க. மூணு பேப்பரும் இப்ப ஒரே முதலாளிக்குத்தானுங்க" என்றார். அந்த முதலாளி யாரென்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

பத்திரிகைக்காரர்களான நம்மை அரசாங்கம் திருத்த வரக்கூடாது, நம்மை நாமே திருத்திக்கொள்வோம் என்று மேடையில் பேசியவள் நான். கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன். மூன்று பேப்பரும் போடவில்லை. வெள்ளகோவிலில் நாலு பக்க வாரப் பத்திரிகை நடத்தும் கருப்புசாமி அதை முதல் பக்கத்தில் போட்டார். நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லை.

அதைப் பார்த்துவிட்டு, நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து கிணற்று நீரை எடுத்துப் போனார்கள். பாட்டில்கள் வழியில் மாறிவிடுமோ என்று கருப்புசாமி ஆய்வகம்வரை பின்னாலேயே வண்டியில் போயிருக்கிறார். எனக்கு இன்னும் பயம்தான்.

உன் பரிசோதனை அறிக்கையின் நகல் உன்னிடம் இருந்தால் கருப்புசாமிக்கே நேராக அனுப்பு. என்னிடம் கொடுக்காதே. நீ என்னை நம்ப வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனால் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே, கண்ணு. அல்லாஹ் உன்னையும் குழந்தையையும் காக்கட்டும்.

உன்
சித்திகா