கேன் தண்ணீர் குடிக்கிற என் மகன்

மேலக்குடியிருப்பு,
அரிமளம் வழி.

அன்பு மகன் ரகுநாத்துக்கு அம்மா அழகம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டு அதுவும் சுகம், அங்கே நீயும் உன்னோடு ரூமில் இருக்கிற பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க அய்யனாரைக் கும்பிட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் டூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால் லீவு முடிந்து ஓமனுக்குத் திரும்புகிற ரியாசுதீன் தம்பியிடம் இட்லிப் பொடி, நெல்லிக்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயை மட்டும் எடுத்துக்கொண்டு காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே, முழுசாகப் படி.

நம்ம ஊருக்குக் கிழக்கே பாறைக்காட்டில் மிஷின் வைத்துத் துளை போட்டார்கள் என்று சொன்னேனே, அங்கே செம்பு இருக்கிறதாம், கூடவே ஈயமும் துத்தநாகமும் இருக்கிறதாம், சுரங்கம் தோண்டக் கம்பெனிக்காரன் மனுப் போட்டிருக்கிறான். கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ அங்கே தோண்டுவதும் செம்புதானே, அதே செம்பு இங்கேயே கிடந்தால் என் பிள்ளை எதற்கு அந்த வெயிலில் வேக வேண்டும், வேலையை முடித்துவிட்டு வந்து வீட்டுச் சோறு தின்னலாமே என்று அன்றைக்கே உன் கட்டிலைத் தட்டித் துடைத்துப் போட்டேன். ஆனால் பக்கத்து வீட்டில் உன் பெரியம்மா சொர்ணத்துக்கும் அவள் மகன் செம்மலுக்கும் அது ஆகவில்லை. கண்மாய்க்கு வருகிற வரத்துக்கால் அடைபட்டுப் போகும், குடிக்கிற ஊருணித் தண்ணீர் கெட்டுப் போகும் என்று செம்மல் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினான். தைலமரம் போட்டப்பவும் வேலை வேலைன்னுதான் சொன்னாங்க சின்னம்மா, இப்ப யாருக்கு வேலை இருக்கு, இருந்த தண்ணியும் போச்சு என்று என்னிடமும் வந்து தாளை நீட்டினான். நான் போடவில்லை. உன் அப்பா எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறார்.

உன்னிடம் மறைப்பதற்கு என்ன, எனக்கு வயிறு எரிகிறது ரகு. அவன் தண்ணீருக்காகப் பேசுகிறான் என்று ஊரே மெச்சுகிறது, அவன் ஏன் பேச மாட்டான், அவன்தான் அரிமளத்தில் செல்போன் கடை வைத்துக்கொண்டு தினம் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறானே. அவன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே சொர்ணம் தட்டை எடுத்து வைக்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. அயிரை மீன் குழம்பு வைத்தால் வாசனையும் வருகிறது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா என்கிறாள், போதும்த்தா என்கிறான், அவள் மறுபடியும் போடுகிறாள். இங்கிட்டு நானும் உன் அப்பாவுமாகப் பழைய குழம்பைச் சுட வைத்துத் தின்கிறோம். உன் அப்பாவுக்கு முழங்கால் வீங்கினால் அவன்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான், நல்ல பிள்ளைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவன் நல்ல பிள்ளையாக இருக்க இருக்கத்தான் எனக்கு இன்னும் எரிகிறது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருக்கிறவர்கள்தான் சுரங்கம் வேண்டாம் என்கிறார்கள், பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற வீட்டில் வந்து யாரும் கேட்பதில்லை.

இதைத்தான் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொல்வது என்று முடிவு செய்தேன். கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள், மேடையில் அதிகாரிகள், கீழே ஒரு பக்கம் வேண்டும் என்கிறவர்கள், ஒரு பக்கம் வேண்டாம் என்கிறவர்கள். உன் அப்பா போய் செம்மல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மைக்கை வாங்கி, எம்மகன் ஓமன்ல செம்புச் சுரங்கத்துலதான் வேலை பாக்குறான், அவன் போனதுக்கப்புறந்தான் எங்க வீடு தளம் போட்டுச்சு, இங்க சுரங்கம் வந்தா அவனும் வருவான், அவனை மாதிரி போன அத்தனை புள்ளைகளும் வரும், வர விடுங்க என்றேன். இந்தப் பக்கம் கை தட்டினார்கள் பார், எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது செம்மல் எழுந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். சின்னம்மா, ரகு அண்ணன் அங்க என்ன தண்ணி குடிக்கிறாக என்றான்.

எனக்கு வாய் சும்மா இருக்கிறதா. நீ போன புதிதில் இங்க குடிக்கிற தண்ணிகூடக் கேன்லதாம்மா வருது என்று சொன்னாயே, அதை நான் சொர்ணத்திடம் எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன், எம்புள்ள நம்மள மாதிரி ஊருணித் தண்ணி குடிக்கலக்கா என்று. அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்கு ஆசை. அந்த ருசியில் மைக்கிலும் சொல்லிவிட்டேன். எம்புள்ள சாதாத் தண்ணிய நாக்குல கூட வைக்க மாட்டான், எல்லாம் சீல் வச்ச கேன், கம்பெனியே லாரியில கொண்டாந்து எறக்குது, மூஞ்சி கழுவுற தண்ணிகூட லாரிதான் என்றேன். எனக்குக் கை தட்டினவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்மல் உட்கார்ந்துவிட்டான், அதற்கு மேல் அவன் என்ன பேச வேண்டும். மேடையில் இருந்தவர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். மறுநாள் பேப்பரில் பட்டுச் சேலையோடு என் போட்டோ, சுரங்கத்தை எதிர்த்துப் பேசினவர்கள் என்று போட்ட வரிசையில். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதையும் தாங்கிக்கொண்டேன். சாயந்திரம் சொர்ணம் வந்தாள். குத்திக் காட்டத்தான் வருகிறாள் என்று நானும் வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம் அழகு, இத்தனை வருசமா அந்தப் புள்ள பச்சத் தண்ணிக்கு லாரிய பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கே என்று கண்ணைத் துடைத்தாள். கிண்ணத்தில் மீன் குழம்பு வேறு. அவள் பொறாமைப்பட்டால் நான் சந்தோஷமாக இருப்பேன், என் பிள்ளையைப் பார்த்து அவள் பாவப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை ரகு. குழம்பை நான் தொடவில்லை, உன் அப்பாதான் தின்றார்.

ரியாசுதீனிடம் கேட்டேன். அது பாலைவனம்த்தா, எல்லாருக்குமே அங்க வாங்குற தண்ணிதான், சுரங்கத்தால இல்ல என்கிறான். கம்பெனிக்காரனும் அதையே சொல்வான். செம்மல் வேறு சொல்வான். நீதான் அங்கே தோண்டுகிறவன், நீ சொல்லு. சுரங்கத்துக்குப் பக்கத்தில் கிணறு இருக்கிறதா, இருந்தால் அதில் யாராவது குடிக்கிறார்களா? அம்மா வருத்தப்படுவாள் என்று மழுப்பாதே. நீ சொல்வதை வைத்துத்தான் நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று பார்க்க வேண்டும், சுரங்கம் வருமா வராதா என்று முடிவாக இன்னும் எத்தனையோ நாள் ஆகுமாம்.

அது எப்படியும் போகட்டும். அய்யனார் உன்னை நல்லபடியாக வைக்கட்டும், கை கால் சுகத்தோடு நீண்ட ஆயுசோடு இரு. தலைக்கு எண்ணெய் வை, சம்பளத்தை எல்லாம் இங்கேயே அனுப்பிவிட்டு வயிற்றைக் காயப்போடாதே. மறக்காமல் தைப் பொங்கலுக்கு லீவு கேள். வந்து இறங்கியதும் வீட்டுக்குள் வராதே, நேராக ஊருணிக்குப் போ. சொர்ணம் தண்ணீர் எடுக்க வருகிற நேரமாகப் பார்த்து, செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி வயிறு முட்டக் குடி. நான் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அவள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிற அம்மா
ரெ. அழகம்மாள்