காதுகுத்தும் பதிவர் மாநாடும்

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையிலிருந்து சாரல். கொடியில் போட்ட துணி காயவில்லை. மழை நாளில் உரக்கடையில் வியாபாரம் கிடையாது. இவரும் நானும் சும்மா உட்கார்ந்திருந்தோம், சண்டை வந்தது.

செல்வியின் போன்தான் காரணம். இவருடைய தங்கை, சின்னமனூரில் இருக்கிறாள். மகனுக்குக் காதுகுத்து அடுத்த ஞாயிறு என்றுதான் சொல்லியிருந்தார்கள். இப்போது இந்த ஞாயிறாம். அவள் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் அடுத்த வாரம் லீவு கிடையாதாம்.

இந்த ஞாயிறு எனக்குத் தேனியில் மாநாடு. பயணப் பதிவர்கள் மாநாடு, சனி, ஞாயிறு இரண்டு நாள். ஞாயிறு காலை நான் மேடையில் பேச வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் இது எப்போதோ தெரியும். காலண்டரில் வட்டம் போட்டுத் தொங்குகிறது.

"மதினி, அண்ணே மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும், அவுக வந்துருவாக. அத்தக்காரி நீங்க சீர்த்தட்டு தூக்கிட்டு வரலன்னா ஊர்ல என்ன பேசுவாக?"

"பேசுறவுக பேசட்டும் செல்வி" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

இவர்: "அங்கன அப்படி என்னதான் இருக்கு? படம் எடுத்துப் போடுறவுக கூடிப் பேச என்ன இருக்கு? அதுலயும் நீ போற தூரம் இந்தா இருக்குற லோயர் கேம்ப். இதுக்குப் பேரு பயணமா?"

பயணம்தான். எட்டு வருடமாக எழுதுகிறேன். வலைப்பூவின் பெயரே 'பொழுதுசாய வீடு'. காலையில் கம்பத்தில் பஸ் ஏறி, மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவிடக்கூடிய ஊர்கள் மட்டும். வடுகபட்டிப் பூண்டுச் சந்தை, சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டம், குமுளி மலை ரோடு. இவர் இன்றுவரை ஒரு பதிவுகூடப் படித்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெயில், அப்பாடா. துணி காய்ந்தது.

சீருக்கு: பட்டு வேட்டி சட்டை, கம்மல், தேங்காய், பழம், இனிப்பு. மாலைக்குச் சொல்லியாயிற்று. செல்விக்குச் சேலை, அவள் கேட்ட மயில் கழுத்து நிறம். எல்லாவற்றையும் தட்டுகளில் அடுக்கிக் கண்ணாடித்தாள் ஒட்டி வரிசையாக வைத்துவிட்டேன். இனித் தூக்க வேண்டியதுதான் பாக்கி. கை இருக்கிற யாரும் தூக்கலாம்.

கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாள். "மெதுவாப் பேசும்மா. பஸ்ஸ விட்டுட்டவ மாதிரி ஓடுற."

மாநாட்டால் என்ன பயன் என்று இவருக்குக் காட்டத் தாளில் எழுதினேன். விளம்பரம் கிடைக்கலாம். வீடியோ எடுக்கச் சொல்லித் தருவார்கள். பெரிய ஆட்களின் பழக்கம் கிடைக்கும். வாசித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. கிழித்துப் போட்டேன். ஆசையாக இருக்கிறது, போகிறேன். அதற்கு மேல் காரணம் எதற்கு?

"ரெண்டு நாளும் போறேன்" என்று இவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். கோபம் வந்தால் மட்டும் தட்டு கழுவுவார்.

ஆகஸ்ட் 23, சனி

பஸ்ஸில் ஜன்னல் சீட். தேனியில் கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில் கூட்டம். ஏசி குளிர் தாங்கவில்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பாதிப் பேர் அரைக்கால் டவுசர்.

கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை கொடுத்தார்கள். பெயர், ஊர், போன நாடுகள். மூன்றாவது வரியில் 'கேரளா' என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற பெண் வாய்விட்டுச் சிரித்தாள். ஜாய்ஸ், நாகர்கோவில். ஊர் ஊராகப் போய் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறவள். "குமுளி தாண்டினா பாஷ வேற, சோறு வேற. நாடுதான்க்கா, தைரியமா எழுதுங்க."

எனக்கு விடாமல் கமெண்ட் போடும் 'மலைக்குருவி' யாரோ கல்லூரிப் பெண் என்று நினைத்திருந்தேன். வழுக்கைத் தலை, பேங்க் மேனேஜர், ஈரோடு. "உங்க பூண்டுச் சந்தைய நாலு தடவ படிச்சேனுங்க" என்றார். நாலு தடவை!

மதியச் சாப்பாடு. இலையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. ஒருவரும் கை வைக்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்று இலைக்கு மேலே போனை நீட்டிக்கொண்டிருக்கிறோம். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். "ஏலே, இவுக திங்க வந்தாகளா, படம் புடிக்க வந்தாகளா?" வீட்டில் இந்த ஒரு காரியத்துக்கு நான் வாங்கியிருக்கிற திட்டு கொஞ்சநஞ்சமில்லை. இங்கே ஒரு பந்தியே சேர்ந்து சோற்றை ஆறவிட்டது. ஆறிப்போன சோறு அவ்வளவு ருசி.

பிறகு பஸ் வைத்து லோயர் கேம்ப். மலையிலிருந்து இறங்கும் மின்நிலைய ராட்சதக் குழாய்களுக்கு முன்னால் குரூப் போட்டோ. வரிசையாக நிற்கச் சொன்னார்கள். ஆளாளுக்குத் தான் எடுப்பதாக வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் வரிசையில் நிற்பது பஸ் டிரைவர் மட்டும். அவரைத்தான் எல்லாரும் எடுத்திருக்கிறோம்.

திரும்பும்போது ஜாய்ஸிடம் கேட்டேன், வருடா வருடம் எதற்கு வருகிறாய் என்று.

"வீட்ல போன நீட்டுனா ஒரு படம் பாத்துட்டு 'ம்'முன்னு தந்துருவாவ. இங்க உள்ளவுக 'அடுத்தது காட்டு'ன்னு கேக்காவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வியாழக்கிழமை இவர் கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான். சொன்னாலும் புரியாது. புரியாவிட்டால் போகட்டும்.

கம்பத்தில் இறங்கிக்கொண்டேன். இவரும் மகளும் சீரோடு சின்னமனூர் போய்விட்டார்கள். பால் காய்ச்சிக் குடித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேனி பஸ் சின்னமனூர் வழியாகத்தானே போகும். காதுகுத்து மண்டபம் ரோட்டோரம். வாசலில் வாழைமரம், ஸ்பீக்கரில் பாட்டு. கண்டக்டர் "சின்னமனூர் எறங்குறவுக" என்று இரண்டு தரம் கூவினார். என்னிடமே சொல்வது போல இருந்தது. அந்தப் பயல் அழும்போது தூக்க வேண்டியவள் நான். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை.

பேசினேன். முதலில் வேகமாக ஓட்டினேன். பிறகு மகள் சொன்னது ஞாபகம் வந்து மெதுவாகப் பேசினேன். தூரம் போனால்தான் பயணம் என்று யார் சொன்னது, அடுப்பை அணைத்துவிட்டுப் போய், அடுப்பு மூட்டத் திரும்பி வருகிறவளும் பயணிதான் என்றேன். நிறைய நாடு பார்த்த ஒருவர் கை தூக்கினார். கிண்டல் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். "அந்தத் திராட்சைத் தோட்டத்துல இருந்து கடைசி பஸ் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கைதட்டல். ஒரே போன் வெளிச்சம். என் பதிவுகளில் நான் இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. இன்று எத்தனை பேர் போனில் இருக்கிறேனோ.

டீ இடைவேளையில் போனைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரே விசாரிப்பு. 'காய்ச்சல் எப்படி இருக்கு?' 'ரெஸ்ட் எடு.' போடியிலிருந்து இவருடைய பெரியம்மா போன். "ஏத்தா, எந்திரிக்க முடியாத காய்ச்சலாமுல்ல? மெளகு ரசம் வச்சுக் குடி ஆத்தா."

மேடையில் வியர்த்த ஈரம் உள்ளங்கையில் இன்னும் காயவில்லை. எனக்குக் காய்ச்சலாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "வேற என்ன சொல்லச் சொல்ற? பிளாக் எழுதுறவுக கூட்டத்துக்குப் போயிருக்கான்னு சபையில சொல்ல முடியுமா? காய்ச்சல்னா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாக."

வராததற்குத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். போன இடத்தையே இல்லை என்று ஆக்கிவிட்டாரே. அதுதான் பொறுக்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மறுபடியும் சாரல். மகளுக்கு இட்லி, தக்காளிச் சட்னி.

ஜாய்ஸ் படம் அனுப்பியிருக்கிறாள். கையில் மைக், வாய் திறந்திருக்கிறது, கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறேன். சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். கீழே: 'எனக்குக் காய்ச்சல் இல்லை. நேற்று தேனியில் மேடையில் பேசினேன். சீர்த்தட்டு தூக்க வரமுடியாதது செல்விக்கு முன்பே தெரியும்.'

இவர் சட்டைப்பையில் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தார். "அழிச்சிரு" என்றார். "மாட்டேன்" என்றேன்.

என் போன் அடித்தது. போடிப் பெரியம்மா.

"மைக்கெல்லாம் புடிச்சிருக்க! அப்புறம் அவன் எதுக்குத்தா காய்ச்சல்னு சொன்னான்?"

"பக்கத்துலதான் இருக்காக பெரியம்மா, நீங்களே கேளுங்க" என்று போனை இவர் கையில் கொடுத்தேன்.